குட்டிப் பாய்க்கப்பல்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

1782 பிப்ரவரி 17 அன்று, நம் சதுரங்கப்பட்டினத்துக்கு வெளியே கடலில், எட்வர்ட் ஹியூஸின் 9 ஆங்கிலப் போர்க்கப்பல்களை சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படை தாக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் வரை இதே இருவரும் இன்னும் நான்கு தடவை மோதினார்கள்: புரோவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்துமே நம் கரையோரமும் இலங்கைக் கரையோரமும் நடந்த சண்டைகள். அந்தக் கப்பல்களை 700-ல் ஒரு பங்கு அளவில் செய்து, கயிறு கட்டி, மேசைமேல் போர் விளையாட்டாக ஆடுவதுதான் சில வருடங்களாக என் சாயங்கால வேலை. வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு அந்த உப்புக் காற்றும் புழுக்கமும்தான் மூலம்.

அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலின் பீரங்கித் தளம் ஏறக்குறைய 170 அடி நீளம். 700 அளவில் அது 7.4 செ.மீ., 1200 அளவில் 4.3 செ.மீ. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பொருளில் கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. தெரிகிற இடத்திலேயே கை வைத்தால் மறுநாள் அதே கோளாறு திரும்ப வரும். அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்பதற்குப் போகிறேன்.

கப்பலின் பாகங்களுக்கு நம் கரையில் சொல் இருக்கிறது. அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். பாய்மரத்தில் குறுக்காகக் கிடந்து பாயைத் தாங்கும் கட்டை பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். அணியத்திலிருந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சாய்ந்த மரத்தை முன்மரம் என்று எழுதுகிறேன். ஷ்ரவுட் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறு), ஸ்டே (முன்னும் பின்னும் தாங்கும் கயிறு), ராட்லைன் (ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே ஏணியாகக் கட்டும் கயிறு) ஆகியவற்றை இந்த விளையாட்டு ஆடுகிற எல்லோரும் அப்படியேதான் சொல்கிறோம்.

பிரைமர் அடித்ததும் மேற்பரப்பு மணல் மாதிரி சொரசொரக்கிறது

எத்தனை மணிக்கு அடித்தீர்கள்? கத்திரி வெயிலில், நடுப்பகலில், மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தால் துளிகள் கப்பலைச் சேருவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடியாகிவிடும். அந்தப் பொடிதான் மேலே ஒட்டுகிறது. 700 அளவில் ஒரு பொடித் துகள் பீரங்கிக் குண்டு அளவுக்குத் தெரியும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் அடியுங்கள். டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கப்பலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். ஏற்கெனவே சொரசொரத்துப் போயிருந்தால் பழைய பல்துலக்கியால் உலர்வாகத் தேயுங்கள், பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். தளப் பலகைக் கோடுகள் அடைபட்டிருந்தால் மட்டும் முழுவதையும் கரைத்து எடுத்து மறுபடி தொடங்குங்கள். மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. தூரிகையால் அடிக்கிற பிரைமர் இருக்கிறது, அது போதும்.

பெயிண்ட் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகுகிறது, அல்லது நகம் பட்டாலே உரிகிறது

ரெசின் கப்பல் என்றால் அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய் இன்னும் மேலே இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், பல்துலக்கி. கழுவி ஒரு இரவு காயவிடுங்கள். வெள்ளை உலோகக் கப்பல் என்றால் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கழுவின பிறகும் ஒட்டவில்லையா? அப்படியானால் உங்கள் விரலைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்துக்கொண்டே இருக்கும். கப்பலைக் கையில் பிடித்துப் பெயிண்ட் அடித்தால் அணியமும் அமரமும் (நாம் பிடிக்கிற இரண்டு இடங்களும்) உப்பு ஏறி, அங்கேதான் முதலில் உரியும். பழைய மருந்துப் புட்டியின் மூடிமேல் இரட்டைப் பக்க டேப்பால் கப்பலை நிறுத்தி, புட்டியைப் பிடித்து வேலை செய்யுங்கள்.

மஞ்சள் பட்டை கோணலாகப் போகிறது

கையைக் குறை சொல்லாதீர்கள், வரிசைதான் தவறு. கறுப்பு அடித்துவிட்டு அதன்மேல் மஞ்சள் கோடு இழுக்கப் பார்த்தால் யாருக்கும் நேராக வராது. மஞ்சள் நிறமி மூடும் திறன் குறைந்தது. மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் ஓரம் கொஞ்சம் நகரும். பக்கவாட்டு முழுவதையும் முதலில் மஞ்சள் காவியால் மூடிவிடுங்கள். காய்ந்த பிறகு கறுப்பு. கப்பலின் பக்கத்தில் புடைத்து ஓடும் தடித்த பலகை வரிசை ஒன்று இருக்கும். தூரிகையின் நுனியால் கோடு போடாமல், வயிற்றுப் பக்கத்தைச் சாய்த்து அந்தப் புடைப்பின்மேல் உருட்டிக்கொண்டே போனால் கோடு தானாகவே நேராக விழும். கறுப்பு என்றாலும் டப்பாக் கறுப்பு வேண்டாம். கொஞ்சம் பழுப்பும் சாம்பலும் கலந்தால்தான் இந்தச் சின்ன அளவில் மரமாகத் தெரியும்.

இன்னொரு கோணல் இருக்கிறது, அது காலக் கோணல். மஞ்சள் பட்டைமேல் கறுப்புச் சதுரங்களாகப் பீரங்கிக் கதவுகள் வரும் அந்தச் சதுரங்கக் கட்டம் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனோடு சேர்த்துப் பேசப்படுவது. 1805 அக்டோபர் 21 டிரஃபால்கர் சண்டையை ஒட்டித்தான் அது பரவியது. 1782 கப்பலுக்கு அது பொருந்தாது. சுஃப்ரனும் ஹியூஸும் மோதிய காலத்தில் பக்கப் பலகைகளுக்குப் பிசின் வார்னிஷோ மஞ்சள் காவியோ பூசி, நீர்மட்டத்துக்கு அருகே கறுப்பு அடித்திருப்பார்கள். கதவுகளின் வெளிப்பக்கம் பட்டையின் நிறத்திலேயே, உட்பக்கம் சிவப்பு. வார்னிஷ் பூசிய மரத்துக்கு நான் மஞ்சள் காவியில் துளி செம்பழுப்பு கலந்து அடித்து, மேலே மெல்லிய பழுப்பு வாஷ் (தண்ணீராக நீர்த்த பெயிண்ட்) விடுகிறேன். நம் வீட்டுப் பழைய தேக்குக் கதவின் நிறம் வரும். கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் மாற்றிக் கலக்குங்கள். அந்தக் காலத்தில் ஒரே மாதிரி பூசும் வழக்கம் கறாராக இல்லை. மேசைமேல் உங்கள் கப்பலை ஒரே பார்வையில் அடையாளம் காணவும் இது உதவும்.

தளத்தில் வளையம் படிகிறது

டீ டம்ளர் வைத்து எடுத்த கறை மாதிரி ஒரு வளையம். ஓரம் பழுப்பாக இருந்தால் மின்விசிறிதான் காரணம். வாஷ் ஓரத்திலிருந்து வேகமாகக் காய்ந்து, நிறமியை ஓரத்துக்கு இழுத்துவிடுகிறது. விசிறியை நிறுத்திவிட்டு, உலர்ந்த தூரிகையால் தேங்கிய வாஷை உறிஞ்சி எடுங்கள்.

வளையம் வெள்ளையாக, தொட்டால் பொடியாக இருந்தால் அது வேறு கதை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கப்பல் செலவானது. முதலில் வாஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் புட்டி வாங்கினேன். அதிலும் அதே வளையம். ஒருநாள் தூரிகை கழுவும் எவர்சில்வர் டம்ளர் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அடியில் அதே வெள்ளை வளையம், நகத்தால் சுரண்டினால் அதே பொடி. எங்கள் கட்டடத்துக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கெய்சரில் கல்லாகப் படிகிற அந்த உப்புதான் தளத்திலும் படிந்திருக்கிறது. அன்றிலிருந்து கலக்குவதற்குக் கேன் தண்ணீர் மட்டும். ஏற்கெனவே படிந்ததை எடுக்க, துளி வினிகரைத் தண்ணீரில் கலந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை ஒற்றுங்கள்.

தளத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் உப்புநீரிலும் கிடந்த பலகை வெளிறிய சாம்பல் கலந்த மணல் நிறத்தில்தான் இருக்கும். சாக்லேட் பழுப்பு அடித்தால் கப்பல் முழுவதும் இருண்டு, கட்டுகிற கயிறு எதுவும் எடுப்பாகத் தெரியாது.

கட்டிய கயிறு மறுநாள் தொய்ந்து கிடக்கிறது

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் தவறாகச் சரிசெய்யப்படுகிற கோளாறும் இதுவே. தொய்ந்த கயிற்றை அறுத்துவிட்டு இன்னும் இறுக்கமாகக் கட்டுவார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்துக் கயிறு தொய்யும்.

கயிற்றைத் தொடாதீர்கள். கப்பலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அணியத்துக்கு எதிரே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மூன்று பாய்மரமும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே மரமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மரம் சாய்ந்திருக்கிறது. கயிறு தொய்ந்தது அதன் விளைவு. அடுத்து பக்கவாட்டில் பாருங்கள். நடுமரம் முன்னால் வளைந்திருந்தால், அதன் முன்பக்க ஸ்டே தொய்ந்தும் பின்பக்கக் கயிறு விறைத்தும் இருக்கும்.

மரம் நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் முன்பக்கக் கயிறுகள் மட்டும் தொய்கின்றன என்றால் முன்மரத்தின் அடியைப் பாருங்கள். சுஃப்ரனின் கொடிக்கப்பலான எரோவில் எனக்கு இதுதான் நடந்தது. முன்பாய்மர ஸ்டேயை மூன்று தடவை அறுத்துக் கட்டினேன். கட்டிய இரவு தந்தி மாதிரி நிற்கும், காலையில் தளர்ந்திருக்கும். நாலாவது தடவை கட்டுவதற்கு முன்னால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி முன்மரத்தின் அடியைப் பார்த்தேன். பசை கப்பலோடு ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. சூப்பர் க்ளூவால் மட்டும் ஒட்டிய உலோக மரம், கயிற்றின் இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கயிறுகள் எல்லாம் அதில்தான் வந்து முடிகின்றன. அது ஒரு முடி அளவு எழும்பினாலும் எல்லாம் தளரும்.

சரிசெய்த விதம் இது. மரத்தைக் கழற்றி, அடியிலும் அணியத்திலும் 0.5 மி.மீ. துளை போட்டு, அதே தடிமன் பித்தளைக் கம்பியை ஆணியாக உள்ளே செருகி, ஆரல்டைட் வைத்து ஒருநாள் முழுக்க விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கட்டிய கயிறு அப்படியே நிற்கிறது. இப்போது எந்தக் கப்பலானாலும் கயிற்றை எடுப்பதற்கு முன்னால் நான்கு மரங்களுக்கும் ஆணி வைத்துவிடுகிறேன். கையால் சுழற்றுகிற சின்ன ட்ரில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் தூரிகைக்கு அடுத்தபடி அதிகம் பயன்படுவது அதுதான்.

மரங்கள் உறுதியாக இருந்தும் தொய்கிறதா? கட்டிய வரிசையை நினைத்துப் பாருங்கள். நான் கட்டும் வரிசை: முதலில் ஷ்ரவுட்கள், ஏனென்றால் அவை மரத்தைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் ஸ்டேக்கள், கீழேயுள்ளது முதலில், மேலேயுள்ளது பிறகு, முன்மரத்திலிருந்து தொடங்கிப் பின்னே. அதன் பிறகு பின்பக்க ஸ்டேக்கள், இடம் ஒன்று வலம் ஒன்றாக. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் முதல் பக்கத்துக்கே சாய்ந்துவிடும். பருமலைத் திருப்பும் கயிறுகளும் ஆஞ்சானும் கடைசி. ஒவ்வொன்றையும் வளைவு மறைகிற வரைக்கும் இழுங்கள், அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அளவு விறைப்பு வந்துவிட்டது என்று தோன்றும்போது ஏற்கெனவே மரம் வளையத் தொடங்கியிருக்கும்.

இத்தனையும் சரி, மழை வந்தால் மட்டும் தொய்கிறது என்றால் இப்போதுதான் நூலைப் பார்க்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் ஊறிச் சுருங்கும், காய்ந்தால் தளரும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். பாலியெஸ்டர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் நீங்களே சோதியுங்கள். ஒரு அடி நூலில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டு, நட்டு நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். மழைநாளிலும் வெயில்நாளிலும் நட்டு அந்தக் குறியிலேயே நின்றால் அந்த நூலை நம்பலாம்.

அறுக்காமல் ஒரு கயிற்றை மட்டும் இறுக்க வழி இருக்கிறது. பருத்தி நூல் என்றால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகையால் தடவிக் காயவிடுங்கள், கொஞ்சம் இறுகும். நைலான் இழை என்றால் ஊதுபத்தியின் கனலைப் பக்கத்தில் கொண்டுபோய் உடனே எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் சுருங்கும், ஒரு நொடி அதிகமானால் அறுந்துவிடும். வேண்டாத நூலில் பத்துத் தடவை பழகிவிட்டுக் கப்பலுக்கு வாருங்கள். காகிதப் பாய் கட்டிய பிறகு நெருப்பே வேண்டாம்.

முடிச்சைச் சுற்றி வெள்ளைப் பனி படர்கிறது, அந்த இடத்திலேயே நூல் முறிகிறது

இரண்டுக்கும் காரணம் சூப்பர் க்ளூதான். அது காற்றின் ஈரத்தால் இறுகும் பசை. அதன் ஆவி சுற்றியுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். சென்னையில் இது அதிகமாகத் தெரியாமல் என்ன செய்யும்? பசை நூலுக்குள் ஏறி இறுகினால் நூல் குச்சியாகிவிடும். வளைத்தால் பசை முடிகிற அந்த எல்லையிலேயே முறியும்.

புட்டியிலிருந்து நேராக விடாதீர்கள். ஒரு சொட்டைப் பழைய பிளாஸ்டிக் மூடியில் விட்டு, தையல் ஊசியின் முனையால் தொட்டெடுத்து முடிச்சுக்கு வையுங்கள். கப்பலை உடனே டப்பாவுக்குள் மூடி வைக்காமல் காற்றாட விடுங்கள். அவசரமில்லாத முடிச்சுகளுக்கு ஃபெவிகால் போதும், அது காய்ந்தாலும் வளையும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் கயிற்றின் நிறத்தையே மெல்லியதாகத் தொட்டுவிட்டால் மறைந்துவிடும்.

கயிறு தாம்புக் கயிறு மாதிரி தடிமனாக, பிசிறாகத் தெரிகிறது

கணக்கு எளிது. 15 செ.மீ. தடித்த கயிறுதான் ஒரு பெரிய கப்பலின் மிகப் பெரிய கயிறு என்று வைத்துக்கொண்டால், 700 அளவில் அது 0.2 மி.மீ. சாதாரணத் தையல் நூல் ஏறக்குறைய அவ்வளவு தடிமன். அதாவது தையல் நூலைக் கீழ் ஸ்டேக்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். மேலே போகப் போக மெலிய வேண்டும். சவுகார்பேட்டையில் ஆரி வேலைக்கு நூல் விற்கிற கடைகளில் மெல்லிய இழைகள் கிடைக்கின்றன. அங்கேயே ஆரி ஊசி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நுனியில் கொக்கி இருப்பதால், விரல் நுழையாத இடத்தில் பாய்மரத்துக்குப் பின்னாலிருந்து நூலை இழுத்து வர அதைவிடத் தோதான கருவி நான் பார்த்ததில்லை. 1200 அளவுக்கு ரிச்சி தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் செம்புக் கம்பி கேளுங்கள். 40 நம்பர் கம்பி 0.12 மி.மீ., 44 நம்பர் 0.08 மி.மீ. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது, அதனால் சுருளிலிருந்து எடுக்கும்போதே நேராக இழுத்துக்கொள்ளுங்கள்.

பிசிறுக்குத் தேன்மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். நூலை அதன்மேல் இரண்டு தடவை இழுத்துவிட்டு, பிறகு விரலிடுக்கில் வைத்து உருவுங்கள். விரல் சூட்டில் மெழுகு உள்ளே இறங்கி, ரோமங்கள் படிந்துவிடும். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகும் என்பதால் மெல்லியதாகவே போதும். அதிகமானால் தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாக் கயிறும் ஒரே கறுப்பாக இருந்தாலும் தடிமனாகத்தான் தெரியும். மரத்தைத் தாங்கி நிற்கிற கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் இயக்குகிற கயிறுகள் சணல் நிறம். இரண்டு நிறமும் கலந்து வரும்போது வலை மாதிரி தெரிந்தது சட்டென்று கப்பலாகத் தெரியும்.

ராட்லைன் கழன்று வருகிறது

ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏற ஏணியாகக் கட்டிய கயிறுகள்தான் ராட்லைன். குட்டிக் கப்பலில் அவை பெரும்பாலும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளாகவோ அரித்தெடுத்த பித்தளைத் தகடாகவோ வரும். பிளாஸ்டிக் தாளுக்குச் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், முழுவதும் பனி படர்ந்துவிடும். ஒட்டுகிற ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் ஒரு தடவு தடவி, கெட்டி ஃபெவிகால். வெட்டிய வெள்ளை ஓரத்தைக் கரும்பழுப்புப் பேனாவால் பூசினால் தாள் என்பதே தெரியாது. பித்தளை என்றால் பிரைமர் அடித்த பிறகு வளைக்காதீர்கள். முதலில் வளைத்துப் பொருத்திப் பார்த்து, கழற்றிப் பெயிண்ட் அடித்து, பிறகு ஒட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கப்பல் ஓடுகிற மாதிரி தெரியவில்லை

இந்தக் கோளாறை நான் வெகுநாள் கண்டுகொள்ளவில்லை. பாய் காற்றில் புடைத்திருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, கயிறு தந்தியாக நிற்கிறது. ஆனாலும் ஏதோ பொய்யாகப் படுகிறது. கொடியைப் பாருங்கள். அமரத்தில் கொடி பின்பக்கம் பறக்கிறதா? பாய் முன்பக்கம் புடைத்திருக்கிறதா? இரண்டும் ஒருசேர நடக்காது.

கட்சிக் கொடி கட்டிய காரையும் மோட்டார் படகையும் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அவை காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் கொடி பின்னால் பறக்கிறது. பாய்க்கப்பலை ஓட்டுவதே காற்றுதான். பின்னாலிருந்து வீசினால் கொடி முன்னால் பறக்கும். பக்கவாட்டில் வீசினால் மறுபக்கம் பறக்கும். காசிமேட்டில் ஒரு பெரியவரிடம், சிறுவயதில் பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டியவர், என் கைப்பேசியில் இருந்த கப்பல் படத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பாயைத் தள்ளுற காத்துதானே கொடியையும் தள்ளும்?" அன்று வீட்டுக்கு வந்து ஆறு கப்பலின் கொடியையும் பிய்த்து மாற்றினேன்.

சரிபார்க்கும் முறை இது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளையாட்டில் கப்பல் எல்லாத் திசையிலும் திரும்பும், ஆனால் ஒட்டிய பாய் திரும்பாது. அதனால் பின்பக்கமும் பக்கவாட்டும் கலந்த மூலைக்காற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அது பெரும்பாலான நேரம் உறுத்தாது. மூன்று மரத்தின் பருமல்களும் ஒரே கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். பாய் புடைக்கிற திசையும் எல்லாக் கொடிகளும் நீண்ட நாடாக்கொடியும் பறக்கிற திசையும் ஒத்துப்போக வேண்டும். நாகப்பட்டினச் சண்டையில், 1782 ஜூலை 6 அன்று, திடீரென்று காற்று மாறி இரண்டு அணிகளின் வரிசையும் குலைந்துபோனது. பாய் பின்னோக்கி அடிபட்ட ஒரு கப்பலை அந்தக் காட்சிக்காகவே தனியாகச் செய்து வைத்திருக்கிறேன்.

கொடி எந்தக் கொடி என்பதும் முக்கியம். 1801-க்கு முன்னால் ஆங்கிலக் கொடியின் மூலைக் கட்டத்தில் அயர்லாந்தின் சிவப்புப் பெருக்கல் குறி கிடையாது. இணையத்திலிருந்து இன்றைய கொடியை அச்சிட்டு ஒட்டினால் ஹியூஸின் கப்பல் ஏறக்குறைய இருபது ஆண்டு பிந்திய காலத்துக்குப் போய்விடும். பிரெஞ்சுக் கப்பலுக்கு மூவண்ணமும் புரட்சிக்குப் பிறகு வந்ததுதான். சுஃப்ரனின் கப்பல்கள் பறக்கவிட்டது வெறும் வெள்ளைக் கொடி. புதிதாக ஆட வருகிறவர்கள் அதைப் பார்த்து, "இது சரணடைஞ்ச கப்பலாண்ணா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் கதையைச் சொல்ல அதுவே நல்ல தொடக்கம்.

காகிதப் பாய் மழைக்காலத்தில் துவண்டு தொங்கினால், வளைப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும். பூசிக் காய்ந்த பிறகு பென்சில்மேல் உருட்டி வளைவு கொடுங்கள்.

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும் கப்பல் முழுவதும் வெளுத்துப்போனது

வடகிழக்குப் பருவமழை நாளில் அடித்திருப்பீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் இதே மாதிரி வெளுக்கும். பயப்படாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். உலர்ந்த வெயில் நாளுக்காகக் காத்திருந்து, தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் மெல்லியதாகப் பூசுங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். அதன்மேல் தூரிகையால் மேட். என் வழக்கத்தில் கயிறு கட்டுவதற்கு முன்பே கப்பலின் உடலுக்கு வார்னிஷ் முடிந்துவிடும். கயிறு கட்டிய பிறகு ஸ்ப்ரே அடித்தால் ஒவ்வொரு நூலிலும் துளி தொங்கும்.

ஆட்டம் முடிந்து பார்த்தால் மர நுனி வளைந்திருக்கிறது, மேல் கயிறு அறுந்திருக்கிறது

கப்பலை எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் என்று ஒரு ஆட்டம் முழுக்கக் கவனியுங்கள். அடித்தட்டு மெல்லியதாகவும் கப்பல் அளவே குறுகலாகவும் இருந்தால் விரல் தானாகவே பாய்மரத்துக்குப் போகும். அடித்தட்டைக் கப்பலைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வையுங்கள். யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது. மர நுனிகள் உலோகமாக வந்தால் வெட்டிவிட்டுத் தையல் ஊசியையோ பித்தளைக் கம்பியையோ செருகுங்கள். உச்சியில் இருக்கிற, அடிக்கடி கை படுகிற ஓரிரு கயிறுகளுக்கு மட்டும் ஈசி லைன் என்ற ரப்பர் போல நீளும் இழையைக் கட்டலாம். விரல் பட்டாலும் நீண்டு திரும்பிவிடும். ரொம்ப இழுத்துக் கட்டினால் மெல்லிய மரத்தை அதுவே வளைத்துவிடும், ஆகவே தொய்வில்லாத அளவுக்கு மட்டும்.

எடுத்துப்போக, அடித்தட்டின் கீழே சின்ன காந்தம் ஒட்டி, இரும்புத் தகர பிஸ்கட் டப்பாவில் நிறுத்துங்கள். எவர்சில்வர் டப்பா வாங்கப் போனால் காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். சில எவர்சில்வரில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பஸ்ஸில் போகும்போது டப்பாவை மடியில் வையுங்கள், இருக்கைக்கு அடியில் வேண்டாம். திருவான்மியூரிலிருந்து பாரிமுனை வரை அப்படித்தான் ஹியூஸின் கொடிக்கப்பலான சூப்பர்பும் சுஃப்ரனின் எரோவும் என்னோடு வருகின்றன, போன மாதம் வரை ஒரு கயிறும் அறுந்ததில்லை.